பதினோராவது அடி விழவே கூடாது

வண்டன்மேடு, மேல்லயம்.
பங்குனி மாதம், சனிக்கிழமை.

நல்லேப்பிள்ளி சகலை சென்னியப்பன் அவர்களின் சமுகத்துக்கு, மேல்லயம் மாடசாமி கோயில் கமிட்டிச் செயலாளரும், உம் மனைவி ஆனந்தியின் அக்காள் குருவம்மாளைக் கட்டிக்கொண்டு இன்று வரை தாக்குப்பிடித்து வருபவனுமாகிய வீரபாண்டி மரியாதையுடன் எழுதியது. இங்கே நான் உயிரோடிருக்கிறேன். குருவம்மாள் சுகமாக இருக்கிறாள். அந்தச் சுகத்தை இரண்டு வாரமாக என்னிடம் சொல்லாமல் பாத்திரங்களிடம் சொல்லி வருகிறாள். அங்கே நீரும் ஆனந்தியும் நலமாக இருக்கவும், வயலுக்குத் தண்ணீர் நேரத்துக்கு வந்து சேரவும் மாடசாமியை வேண்டுகிறேன். நம் வேண்டுதலைக் காதில் போட்டுக்கொள்ளும் மனநிலையில் அவர் இப்போது இருக்கிறாரா என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம்.

காலையில் நீர் போனில் சொன்னது நினைவிருக்கும். “ஏனுங்ண்ணா, நீங்க வாயில சொல்லச் சொல்ல நானும் மாத்தி மாத்திப் போட்டனுங்க. இப்ப அது மேளந்தானான்னு எனக்கே சந்தேகமாப் போச்சு. என்ன வேணும்னு ஒரு காயிதத்துல தெளிவா எழுதி அனுப்புங்க. எழுத்துல இருந்தாத்தான் எனக்கு வேலை ஓடுமுங்க” என்றீர். நியாயம். அப்படியே எழுதுகிறேன். ஆனால் இருபத்தைந்து வருடம் ஏலக்காய் ஸ்டோரில் மேற்பார்வை பார்த்து, ஊர்ப்பட்ட லீவு லெட்டர்களைப் படித்தவன் நான். காரணம் இல்லாத விண்ணப்பத்தை எவனும் மதிக்கமாட்டான் என்பது என் அனுபவம். அதனால் காரணத்தை முதலில் சொல்லிவிட்டு, வேண்டியதைக் கடைசியில் கேட்கிறேன். நடுவில் ஆனந்தி வந்து எட்டிப் பார்த்தால், அவள் அண்ணன் சுடலைமணியைப் பற்றிய இடங்களை மட்டும் உள்ளங்கையால் மூடிக்கொள்ளும்.

எங்கள் கோயிலின் பழைய மோட்டார் மேளத்தை நீர் சரியாகப் பார்த்திருக்கமாட்டீர். ஒரே ஒரு கொடைத் திருவிழாவுக்கு வந்தீர், அன்றைக்கும் கறிச்சோற்றில் கவனமாக இருந்தீர். ஓர் இரும்புச் சட்டம். அதில் ஒரு முரசு, ஒரு சேகண்டி, ஒரு மணி. கீழே மோட்டார். ஸ்விட்சைப் போட்டால் தண்டு சுற்றும், தண்டிலிருக்கிற பற்கள் கோல்களைத் தூக்கித் தூக்கி விடும், கோல்கள் தம் பாட்டுக்கு அடிக்கும். இந்த மெஷின் கோயிலுக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அதே வருடக் கொடையில்தான் நம் மச்சான் சுடலைமணிமேல் முதன்முதலாக மாடசாமி இறங்கினார். மெஷினும் மச்சானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்று வைத்துக்கொள்ளும்.

மச்சானைப் பற்றி உமக்குத் தெரியும். வாரத்தில் ஆறு நாள் முதுகில் மருந்து டப்பாவைக் கட்டிக்கொண்டு ஏலச்செடிக்கு அடித்துக்கொண்டு போகிறவர். மேஸ்திரி கூப்பிட்டால் பேசாமல் ஓடுவார், திட்டினால் பேசாமல் நிற்பார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் அதே மேஸ்திரி அவர் காலில் விழுந்து, கடைசிப் பெண்ணுக்கு வரன் எப்போது அமையும் என்று கேட்பார். அந்த ஒரு மணி நேரம்தான் மச்சானுக்கு வாரம். மற்றதெல்லாம் அதற்காகக் காத்திருக்கிற நாட்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் கோயிலின் சட்டமும் உமக்குத் தெரிய வேண்டும். வருடாவருடம் பங்குனிக் கொடையின் உச்சிப் பூசையில் மாடசாமி யார்மேல் வருகிறாரோ, அவர்தான் அடுத்த கொடை வரை சல்லடம் கட்டலாம். மணி தைத்த அந்த அரைக்கால் உடுப்பு இல்லாமல் ஆடினால் அது வெறும் ஆட்டம், அருளாட்டம் அல்ல. தென்காசிப் பக்கத்திலிருந்து கொடைக்கு வருகிற மேளக்காரர்கள் மலையேறி வந்து சேர மூன்று மணியாகிவிடும் என்பதால், உச்சிப் பூசைக்கு என்றைக்குமே மெஷின்தான். பத்தொன்பது வருடமும் அந்தச் சல்லடம் நம் மச்சானைவிட்டுப் போனதில்லை. இப்போது போகப்போகிறது. வருகிற வெள்ளி மத்தியானம் கொடை. காரணம் நான்.

ஆமாம் சகலை, அந்த மெஷின் தானாகச் சாகவில்லை. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான் செயலாளரான மூன்றாம் மாதம், ஏதாவது சாதித்தாக வேண்டும் என்ற ஆசை வந்தது. செயலாளரானவர்களுக்கு அது முதுகில் வருகிற தேமல் மாதிரி, தானாக வரும். கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து, “இந்த நொண்டி மேளத்தை வச்சுக்கிட்டு எத்தனை காலம் ஓட்டுறது? நடுவுல நடுவுல அடியை முழுங்குது. கட்டப்பனையிலருந்து வந்தவங்க சிரிச்சிட்டுப் போறாங்க” என்று பேசினேன். கட்டப்பனையிலிருந்து யாரும் வரவில்லை. வந்திருந்தால் சிரித்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. பழைய மெஷினை எலக்ட்ரீஷியன் ஷிஜு தூக்கிக்கொண்டு போய்விட்டான். கஞ்சிக்கோட்டில் ஒலிச் சாமான்களைச் சோதனை பார்க்கிற சகலை ஒருவர் எனக்கு இருக்கிறார் என்று மார்தட்டி, உம்மை நான் இதில் இழுத்தேன்.

நீரும் பாவம், மனப்பூர்வமாகத்தான் செய்தீர். மெஷின் செய்த கம்பெனியின் பழைய கேட்டலாக்கைத் தேடிப் பிடித்து, பிஸ்கட் டின் அளவில் ஒரு பெட்டியைச் செய்து அனுப்பினீர். “இது ரெக்கார்டிங் இல்லீங்ண்ணா. ரெக்கார்டிங்னா யாரு வேணும்னாலும் போனுலயே போட்டுக்கலாமுங்க. இந்தப் பொட்டிக்குள்ள அந்த மெஷினே ஓடுதுங்க. தண்டு சுத்துது, பல்லு தூக்குது, கோலு விழுகுது, அத்தனையும் கணக்குலயே நடக்குது. எமுலேஷனுங்க” என்றீர். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: உள்ளே ஒரு மெஷின் ஓடுகிறது, ஆனால் அது இல்லை. மாடசாமியும் கண்ணுக்குத் தெரியாதவர், இந்த மேளமும் கண்ணுக்குத் தெரியாதது, இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும் என்று கமிட்டியில் பேசிக் கைதட்டு வாங்கினேன். அதுதான் நான் கடைசியாக வாங்கிய கைதட்டு.

முதல் வெள்ளிக்கிழமை பெட்டியைப் போட்டதும் கோயிலே நிமிர்ந்து உட்கார்ந்தது. அடி என்றால் அப்படி ஓர் அடி. நிமிடத்துக்கு நூற்றிருபது, ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. நான் கைகட்டி நின்று, எல்லோரும் என்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சான் குளித்து, திருநீறு பூசி, நடையில் வந்து நின்றார். வழக்கமாக மூன்றாவது நிமிடத்தில் தோள் குலுங்கும். ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து ஆயிற்று. பூசாரி இரண்டாவது கர்ப்பூரத்தை ஏற்றினார். மச்சான் மூக்கைச் சொறிந்தார். மாடசாமி இறங்கப்போகிற உடம்பு மூக்கைச் சொறிந்தால் கூட்டம் என்ன நினைக்கும், நீரே சொல்லும். பின்வரிசையில் ஒரு கிழவி, “என்னய்யா, சாமிக்கு இன்னைக்கு லீவா?” என்று கேட்டாள். நாலு பேர் சிரித்தார்கள். அதே நேரத்தில் மச்சானின் பெரியப்பா பேரன் கொம்பையா, ஜீப் ஓட்டுகிறானே, கட்டப்பனை ஜிம்முக்குப் போய்த் தோளை வளர்த்து வைத்திருக்கிறானே, அவன் அந்தத் தோளில் ஒன்றை லேசாகக் குலுக்கி, குலுங்கியதை யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தான். பார்த்தது நான் ஒருவன்தான்.

வீட்டுக்கு வந்ததும் குருவம்மாள் ஒரே ஒரு வாக்கியம் பேசினாள். “பத்தொம்பது வருஷமா எங்கண்ணன்மேல வந்த சாமியை ஒரு தகர டப்பாவை வச்சு நிறுத்திட்டிய.” அதற்கப்புறம்தான் பாத்திரங்களோடு பேச ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை மச்சானைத் தேடி ஏலத் தோட்டத்துக்குள் போனேன். மருந்து டப்பாவை இறக்கி வைத்துவிட்டு ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். “மச்சான், என்ன குறைன்னு சொல்லுங்க, எப்பாடு பட்டாவது சரி பண்றேன்” என்றேன்.

“குறையே இல்ல மாப்ள, அதான் குறை” என்றார். “பழைய மேளத்துல ஒரு அடி விழாது பாத்தியளா? அந்த இடத்துலதான் எனக்குக் கால் நழுவும். படி எறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்குன்னு நெனச்சுக் கால வச்சா அங்க படி இருக்காதுல்லா, அந்த மாதிரி. அப்பிடி நழுவுற நேரத்துல அவரு உள்ள வந்திருவாரு. இந்த டப்பாவுல படியெல்லாம் ஒழுங்கா இருக்கு. நான் பாட்டுக்கு எறங்கிப் போயிட்டே இருக்கேன்.”

“எத்தனாவது அடி மச்சான் விழாது?”

“அத நான் எண்ணிட்டிருந்தா அவரு எப்பிடி மாப்ள வருவாரு?”

அங்கேயிருந்தே உமக்குப் போன் போட்டேன். “கேட்டலாக்குல இருக்கற மாதிரியேதானுங்க அடிக்குது. ஒரு அடிகூடத் தப்பாதுங்க” என்று சாதித்தீர். தப்பாததுதான் தப்பு என்பதை உமக்கு விளங்கவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. கேட்டலாக்கில் எழுதியிருக்கிற மெஷின் வேறு, எங்கள் கோயிலில் பத்தொன்பது மழைக்காலம் நனைந்த மெஷின் வேறு. இடது கோலைக் கட்டியிருந்த தோல்வார் மெஷின் வந்த அன்று பெய்த மழையிலேயே இளகிவிட்டது. அதை யாரும் இறுக்கவில்லை. எங்கள் கமிட்டி எதையும் இறுக்குகிற கமிட்டி இல்லை.

விழாத அடி எத்தனாவது என்று முடிவு செய்ய அவசரக் கூட்டம் கூட்டினேன். ஏழு என்றார் தலைவர். ஒன்பது என்றார் பூசாரி. கொம்பையா, “அடி என்ன மாமா பெரிய அடி, நெசச் சாமின்னா பிரஷர் குக்கர் விசிலுக்கே வரணும்” என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னான். ஒரு மணி நேரம் மேஜையைத் தட்டித் தட்டி எண்ணியதில் மேஜையின் கால்தான் ஆடியது. கடைசியில் கோயில் மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக் கபிரியேல் அண்ணன் மதில்மேல் தலையை நீட்டினார். மாதா கோயில் உபதேசியார். எங்கள் பூசைக்கு ஒரு நாளும் வந்ததில்லை, ஆனால் பத்தொன்பது வருடமாக எங்கள் மேளத்தைக் கேட்காமலும் இருந்ததில்லை.

“பத்து அடி, ஒரு சும்மா. பத்து அடி, ஒரு சும்மா” என்றார். “நம்ம செபமாலைக் கணக்கேதாம்யா. பத்து மணி உருட்டினதும் ஒரு இடைவெளி. நீங்க பூசை போடுற நேரந்தான் எங்க வீட்டுல செபமாலை. என் பெரு விரலு உங்க மேளத்தோடயேதான் போய்ப் பழகியிருக்கு. போன வெள்ளியிலருந்து அது நிக்க மாட்டேங்குது, மணியெல்லாம் தாண்டிப் போயிருது. வீட்டுக்காரி செபமாலையம்மா என்னைய மொறைக்கா.” மதில் வழியே கையை நீட்டி, தன் பெரு விரலையும் காட்டினார். அது உண்மையாகவே கொஞ்சம் குழம்பிப்போன மாதிரிதான் தெரிந்தது.

இப்படியாக மாடசாமி வருகிற வழியை ஓர் உபதேசியார் சொல்லி, நான் உமக்குச் சொல்லி, நீர் பதினோராவது அடியை எடுத்துவிட்டு, போனில் அனுப்ப, ஷிஜு அதைப் பெட்டியில் ஏற்றினான். இரண்டாவது வெள்ளி. நீர் அடியை மட்டும் எடுக்கவில்லை சகலை. சேகண்டியின் கார்வை, மணியின் நாக்கு, எல்லாவற்றையும் சேர்த்துப் பதினோராவது இடத்தில் கத்தரித்துவிட்டீர். பத்து அடி இடியிடிக்கும், அப்புறம் பொத்தென்று மயான அமைதி. முதல் அமைதியில் கூட்டம் முழுவதும் தலையைத் தூக்கி பல்பைப் பார்த்தது. “கரண்ட் போச்சு” என்றாள் அதே கிழவி. பல்பு எரிந்துகொண்டிருந்தது. ஐந்து விநாடி கழித்து மறுபடி அமைதி, மறுபடி எல்லாத் தலையும் மேலே, “திரும்பவும் போச்சு.” பூசை முடிகிற வரை எங்கள் சனம் மொத்தமும் கோழி தண்ணீர் குடிக்கிற மாதிரி தலையைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தது. மச்சானின் இடது தோள் ஒரே ஒரு தடவை குலுங்கியது. நான் பாய்ந்து போய்ச் சல்லடத்தை எடுத்தேன். அதற்குள் யாரோ அவர் முகத்தில் டார்ச் அடித்து, “இருட்டா இருக்கா சாமி?” என்று கேட்டார்கள். தோள் நின்றுவிட்டது. சல்லடத்தை நான் கொஞ்ச நேரம் சும்மா மடித்துக்கொண்டிருந்தேன்.

இனி உம்மை நம்பிப் பயனில்லை, பழைய மெஷினையே மீட்டுக் கொண்டுவருவது என்று தீர்மானித்து, ஞாயிற்றுக்கிழமை நானும் மச்சானும் ஷிஜுவிடம் போனோம். அவன் அதை மலைக்கு அந்தப் பக்கத்து அம்மன் கோயிலுக்குக் கொடுத்துவிட்டிருந்தான். அங்கேயும் மூன்று பேரும் நடந்தே போனோம். மச்சான் வழியில், பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி இரண்டு தடவை தலையைச் சீவிக்கொண்டார். அந்தக் கோயில்காரர்கள் நல்லவர்கள், எங்களுக்காக ஸ்விட்சைப் போட்டார்கள். எண்ணினேன். பத்து. பதினொன்று. பன்னிரண்டு. ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஷிஜுவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பெற்ற பிள்ளை பரீட்சையில் தேறிய மாதிரி. “அண்ணா, அதின்றெ வாரு லூஸ் ஆயிருந்து. ஞான் புதிய வாரு இட்டு நல்லா டைட் செய்து. இப்போ ஒற்ற அடிபோலும் மிஸ்ஸாவில்லா. கம்பெனிக்காரனே வந்து பாத்தாலும் புதுசுன்னு சொல்லும்.” பல்செட் கட்டிக்கொண்ட பழைய சிநேகிதரைப் பார்த்தவர் போல மச்சான் கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றார். பிறகு, “நல்லாயிருக்கு தம்பி” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். வாரை மறுபடி இளக்கச் சொல்லலாம் என்று நான் வாயெடுத்தேன். அடுத்தவர் கோயிலில் போய், நன்றாக அடிக்கிற மேளத்தைக் கெடுத்துத் தாருங்கள் என்று கேட்கிற முகம் எனக்கும் இல்லை. செயலாளருக்கு அதிகபட்சம் எவ்வளவு வெட்கம் தாங்கும் என்பதற்கும் கேட்டலாக்கில் ஓர் அளவு இருக்கும் அல்லவா.

திரும்பவும் உம் காலில் விழுந்தேன். அதற்கு நீர் ஒரு யோசனை சொன்னீர். “நெசமான மெஷினுக்குக் கொஞ்சம் அசமந்தம் இருக்குமுங்ண்ணா. அதையும் போட்டு உடறேன். எந்த அடியை எப்ப உடும்னு அதுக்கே தெரியாதுங்க” என்றீர். அந்தப் பெட்டி நேற்று, மூன்றாவது வெள்ளிக்கிழமை ஓடியது. சகலை, அது மேளம் இல்லை, குடித்துவிட்டு வீடு திரும்புகிறவன் நடை. மூன்று அடித்து ஒன்றை விட்டது. இருபது அடித்து இரண்டை விட்டது. அப்புறம் விட்டதையெல்லாம் சேர்த்து அடித்தது. கேட்டலாக்கும் இல்லை, பழைய மெஷினும் இல்லை, உலகத்தில் எந்த மெஷினும் அப்படி அடித்திருக்காது. மச்சானுக்கு ஒரு படி நழுவவில்லை, மாடிப்படி முழுவதுமே காணாமல் போய்விட்டது. கால் பின்னி, சந்தனக் கும்பா பக்கத்தில் தொப்பென்று விழுந்தார். கூட்டம் “ஐயோ” என்றது.

அந்த “ஐயோ” முடிவதற்குள் கொம்பையா எழுந்துவிட்டான். ஒரு தோள் இல்லை, இரண்டு தோளும். கையைத் தூக்கி, பல்லைக் கடித்து, ஓர் ஓலம் போட்டுக் கோயிலைச் சுற்றி வந்தான். மேஸ்திரி காலில் விழுந்து, காணாமல் போன தன் கிடாய் எங்கே என்று கேட்டார். “விசாரிச்சுச் சொல்றேன்” என்றது சாமி. மாடசாமி விசாரித்துச் சொல்வதாக என் ஆயுளில் கேட்டதில்லை. எனக்குச் சந்தேகம் வந்து, மெல்ல நகர்ந்து பெட்டியின் ஸ்விட்சை அணைத்தேன். மேளம் நின்று இரண்டு நிமிடம் வரை அவன் ஆடிக்கொண்டேதான் இருந்தான். கமிட்டி இதை அருளுக்கு அத்தாட்சி என்கிறது. நான் இதை வேறு விதமாகப் பார்க்கிறேன். எப்படியிருந்தாலும் தலைவர் சல்லடத்தின் இடுப்புச் சுற்றளவை இப்போதே டெய்லரிடம் பேசிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே சகலை, நீர் கேட்ட எழுத்து இதுதான். வேகம் கேட்டலாக்கில் உள்ளபடியே இருக்கட்டும். பதினோராவது அடி விழவே கூடாது. எந்தப் பதினொன்றும் தப்பித்தவறிக்கூட விழக்கூடாது, வேறு எந்த அடியும் தப்பித்தவறிக்கூட விடுபடக்கூடாது. அசமந்தம், குசும்பு எதுவும் வேண்டாம். விழாதது இடது கோல் மட்டும். சேகண்டியின் முந்தின கார்வை அறுபடாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மணி தன் பாட்டுக்கு ஆட வேண்டும். கோல் முரசில் படாமல் பக்கத்து மரச்சட்டத்தில் லேசாகத் தட்டும், அந்தத் “தக்” கேட்டும் கேட்காமலும் இருக்க வேண்டும். உத்தேசமாக, குருவம்மாள் இந்த இரண்டு வாரமாக என் முன் தட்டை வைக்கிற சத்தத்தில் எட்டில் ஒரு பங்கு. அடுத்து வருகிற அடி ஒரு மயிரிழை தாமதமாக, கொஞ்சம் கனமாக விழ வேண்டும், இளகிய வார் சுண்டி இழுப்பதால் அப்படித்தான் விழும் என்று கபிரியேல் அண்ணன் தன் தொடையில் அடித்துக் காட்டினார். நானும் என் தொடையில் அடித்துச் சரிபார்த்துக்கொண்டேன். தெரிந்தே தப்பாகச் செய்யச் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். எங்களுக்கு இதுதான் சரி. கேட்டலாக் எழுதினவர் தப்பாக எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்ளும். புதன்கிழமைக்குள் வந்தால் வியாழக்கிழமை மச்சானை வைத்து ஒத்திகை பார்த்துவிடுவேன். உம்மால் முடியாவிட்டால் அதையும் சொல்லிவிடும். வெள்ளிக்கிழமை உச்சிப் பூசையில் நானே இடது கையில் கோலைப் பிடித்துக்கொண்டு, பத்து அடித்துப் பதினோராவதை விழுங்குவேன். கை வீங்கினாலும் சரி, செயலாளர் பதவி போனாலும் சரி, மச்சான் இடுப்பைவிட்டுச் சல்லடம் போக நான் விடப்போவதில்லை. கெடுத்தவன் நான், சரி செய்கிறவனும் நான்தான்.

ஆனந்திக்கு என் ஆசியும், உம் தாயாருக்கு என் வணக்கமும், உம் கன்றுக்குட்டிக்கு என் அன்பும் சொல்லும். எல்லா மங்களமும் உம் வீட்டு வாசலில் வந்து நின்று, அழைப்பு மணியை ஒரே ஒரு தடவை மட்டும் அடித்து உள்ளே வர வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உறுதி குலையாத சகலை,
வீரபாண்டி.

பின்குறிப்பு: எழுதியதைப் படம் எடுத்து உமக்கு அனுப்பலாம் என்று குருவம்மாளிடம் போனைக் கேட்க அடுக்களைக்குப் போனேன். அங்கே மச்சான் உட்கார்ந்து பால் விடாத கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தார். குருவம்மாள் கடிதத்தை வாங்கி அவருக்குச் சத்தமாகப் படித்துக்காட்டினாள். கிடாய் வருகிற இடத்தில் சிரித்தார். கடைசிப் பாராவில் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “மாப்ள, இத அனுப்பாதிய” என்றார்.

“ஏன் மச்சான்?”

“பத்தொம்பது வருஷமா மேளம் தொடங்குனதும் நான் போயிருவேன். எனக்கு முழிப்பு வரும்போது எல்லாரும் துன்னூறு பூசிட்டுச் செருப்பு மாட்டிட்டிருப்பாவ. தீபம் காட்டும்போது அவரு மொகம் எப்பிடியிருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது. இந்த மூணு வெள்ளியாத்தான் பாக்கேன். நேத்து விழுந்தேம்லா, எந்திரிக்கல, அங்கனயே உக்காந்து பாத்தேன். வெளிச்சம் அந்த மீசைக்கு மேல ஏறிக் கண்ணுக்குப் போகுது. இத்தன நாளும் நீங்க எல்லாரும் பாத்திருக்கிய. எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல.”

குருவம்மாள், “அப்ப சல்லடம்?” என்று கேட்டாள்.

“கொம்பையா கட்டட்டும். அவனுக்கு ஆடணும்னு இருக்கு. எனக்குப் பாக்கணும்னு இருக்கு. கொடையில எனக்கு முன்னாடி ஒரு எடம் பிடிச்சு வையிங்க, அது போதும்.”

ஆகவே சகலை, மேலே எழுதிய அத்தனையையும் படிக்காததாக வைத்துக்கொள்ளும். நீர் முதலில் அனுப்பிய கேட்டலாக் மேளத்தையே திரும்ப அனுப்பும். பதினோராவது அடி கட்டாயம் விழ வேண்டும். ஒன்று தப்பி, தீபம் காட்டுகிற நேரத்தில் மச்சான்மேல் சாமி வந்து தொலைத்தால் குருவம்மாள் உம்மிடமும் பேசமாட்டாள். இடம் நான் பிடித்து வைத்துவிடுவேன், அது பெரிய விஷயமில்லை. சிக்கல் வேறு. மச்சானுக்குக் கும்பிடத் தெரியவில்லை. நேற்று பூசாரி தட்டைக் கொண்டுவந்து நீட்டியபோது, இவர் பழக்கத்தில் தட்டிலிருந்த திருநீற்றை ஒரு கை அள்ளி, பூசாரியின் நெற்றியில் பூசி, “நல்லாயிரு” என்று அனுப்பிவிட்டார். கொடைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. தினமும் சாயங்காலம் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லிக்கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.